படிக்கப் போனவர்களும் போகாதவர்களும்

போன மாத வாசகர் வட்டத்தில் சண்டை வந்துவிட்டது. விவாதம் என்று மெழுகிச் சொல்ல வேண்டாம், சண்டைதான். இருபது வருடமாக இயக்கத்தில் இருக்கிற தோழர் ஒருவர் எழுந்து கேட்டார்: "பெரிய பெரிய யுனிவர்சிட்டிக்குப் போனவங்கள்ல எவன் சேரிக்குத் திரும்பி வந்திருக்கான்? ஒரு பேரு சொல்லுங்க பாக்கலாம்." மேலவளவு வழக்கு, சாலை மறியல் வழக்கு என்று கோர்ட்டுக்கு அலைந்து கால் தேய்ந்தவர் அவர். கேட்கிற தகுதி உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, "அம்பேத்கர்" என்றாள். தோழர் சிரித்துவிட்டார். "பாபாசாகேப்பைக் கொண்டாந்து நிறுத்தாதம்மா. அவரு ஒருத்தரு."

அந்த 'அவரு ஒருத்தரு' என்னை இரண்டு வாரமாகத் தூங்கவிடவில்லை. ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிற எல்லாக் கட்சிக்காரனும் சொல்வதும் இதைத்தானே? பிறவி மேதை, கோடியில் ஒருவர், யுகபுருஷர். இப்படிச் சொல்லிவிட்டால் மற்றவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மேதைக்கு ஸ்காலர்ஷிப் எதற்கு, ஹாஸ்டல் எதற்கு? அவர் தெருவிளக்கிலேயே படித்துக்கொள்வார் பாருங்கள். நான் வங்கியில் குமாஸ்தா. வரவு செலவு பார்க்காமல் எதையும் நம்பாத புத்தி வந்துவிட்டது. அந்தப் புத்தியோடு அவருடைய நியூயார்க் நாட்களைப் புரட்டிப் பார்த்தேன்.

1913 பிப்ரவரியில் அப்பா ராம்ஜி செத்துப்போகிறார். மகனுக்கு வயது இருபத்தொன்று, பி.ஏ. முடித்திருக்கிறார். மனைவி ரமாபாய், கைக்குழந்தை யஷ்வந்த். பம்பாயில் பரேல் பகுதிச் சாலில் குடும்பம். அதாவது, நம்ம தெருவில் இந்த நிலைமையில் உள்ள பையனுக்கு என்ன சொல்வோமோ அதையேதான் அவருக்கும் சொல்லியிருப்பார்கள்: படிச்சது போதும், வேலைக்குப் போ. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருடத்துக்கு உதவித்தொகை தருகிறார். சும்மா இல்லை. திரும்பி வந்து பத்து வருடம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஜூன் மாதம் கையெழுத்து, ஜூலையில் நியூயார்க்.

அந்த நகரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அன்றைய உலகத்திலேயே உயரமான உல்வொர்த் கட்டடம் அந்த வருடம்தான் திறந்திருந்தது. பூமிக்கு அடியில் ரயில் ஓட ஆரம்பித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை. பல்கலைக்கழக வாசலிலேயே, நூற்றுப் பதினாறாம் தெருவில், அதற்கு ஒரு ஸ்டேஷன். கப்பல் கப்பலாக இத்தாலியர்களும் யூதர்களும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1911இல் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கதவைப் பூட்டி வைத்ததால் நூற்று நாற்பத்தாறு தொழிலாளிகள் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கீழவெண்மணி தெரிந்த நமக்கு அந்தப் பூட்டு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1915 அக்டோபரில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டுரிமை கேட்டு ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில், ஹட்சன் ஆற்றுக்கு மேலே மார்னிங்சைட் ஹைட்ஸ் என்ற மேட்டில் கொலம்பியா பல்கலைக்கழகம்.

முதலில் ஹார்ட்லி ஹால் விடுதி. அது சரிப்படாமல் காஸ்மோபாலிட்டன் கிளப். பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நேவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு ஒரே அறை. ஒரே அறை என்பதை அவசரமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். சத்தாராவில் பள்ளிக்கூடத்தில் கோணிச் சாக்கைத் தனியாக வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்த பிள்ளை, பியூன் வராத நாளில் தண்ணீர் குடிக்க முடியாமல் கிடந்த பிள்ளை, இப்போது மேசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சாப்பிடுகிறது. கையில் கோப்பையை ஊற்றாமல் கொடுக்கிறார்கள். இத்தனை வருட வெளிநாட்டு வாசத்தில் தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மனசை விட்டுப் போய்விட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார். ஒரு பல்கலைக்கழகம் ஒருவருக்குச் செய்யக்கூடியதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். பாடம் அப்புறம்.

பாடமும் கொஞ்சநஞ்சம் இல்லை. பொருளாதாரத்தில் மட்டும் இருபத்தொன்பது வகுப்புகள். வரலாறு பதினொன்று, சமூகவியல் ஆறு, தத்துவம் ஐந்து, மானிடவியல் நான்கு, அரசியல் மூன்று. போதாததற்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்கநிலை. ஜான் டூயி, செலிக்மன், ஷாட்வெல், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், கோல்டன்வைசர் என்று ஆசிரியர்கள். பரோடா காசு அவருக்கு மட்டும் இல்லை, அதில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மீதியில் பழைய புத்தகக் கடைகள். சுமார் இரண்டாயிரம் புத்தகம் வாங்கினார் என்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய நண்பரிடம் கொடுத்தனுப்பியதில் பாதி வந்து சேரவில்லை. 1917இல் லண்டனிலிருந்து திரும்பும்போது தனியாகக் கப்பலில் போட்ட சாமான்கள் டார்பிடோ பட்டுக் கடலோடு போயின. நம்ம பிள்ளைகள் ஹாஸ்டலில் டிரங்குப் பெட்டி உடைபட்டு நோட்டுப் புத்தகம் தொலைந்ததற்கு அழுவதைக் கேலி செய்யாதீர்கள், தோழர்களே.

1915இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி எழுதி எம்.ஏ. 1916 ஜூனில் இந்தியாவின் தேசிய வருவாய்ப் பங்கு பற்றிய ஆய்வு. இதற்கிடையில்தான், 1916 மே 9 அன்று, கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அந்தக் கட்டுரையைப் படித்தார்: 'இந்தியாவில் சாதிகள்.' வயது இருபத்தைந்து.

அந்தக் கட்டுரையை நம் வாசகர் வட்டத்தில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? கையைத் தூக்கச் சொன்னால் கூரைக்கு வேலை இருக்காது. சாதியை நிறத்தோடும் தொழிலோடும் முடிச்சுப் போட்ட ரிஸ்லி, நெஸ்ஃபீல்டு வகையறாக்களை அதில் ஒதுக்கித் தள்ளுகிறார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்கிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண் பெண் கணக்கு சமமாக இருந்தாக வேண்டும். புருஷன் செத்தால் ஒரு பெண் உபரி. மனைவி செத்தால் ஒரு ஆண் உபரி. அந்த உபரிப் பெண்ணை எரிக்கிறான், அல்லது மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கிறான். உபரி ஆணுக்கு மட்டும் பச்சைக் குழந்தையைப் பிடித்துக் கட்டிவைக்கிறான். உடன்கட்டை, விதவைக் கோலம், பால்ய விவாகம் மூன்றையும் சாதி என்ற ஒரே இயந்திரத்தின் பல்சக்கரங்களாகக் கழற்றிக் காட்டுகிறார். மேலே இருப்பவன் கதவைச் சாத்தினான், கீழே இருப்பவன் அதைப் பார்த்துத் தன் கதவையும் சாத்தினான் என்று இந்த நோய் பரவிய விதத்தையும் சொல்கிறார். இன்றைக்கும் தண்டவாளத்தில் கிடக்கிற நம் பிள்ளைகளின் உடம்புக்கு இதைவிடத் தெளிவான பிரேதப் பரிசோதனை அறிக்கையை யாரும் எழுதவில்லை.

இதை அவர் பம்பாயில் ஒரு கருத்தரங்கில் படித்திருக்க முடியுமா? எந்த வாத்தியார் உட்கார்ந்து கேட்டிருப்பான்? கொலம்பியாவில் ஒரு கறாரான யூத ஆசிரியர், தன் வகுப்பு மாணவன் தன் சொந்தக் காயத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து மேசைமேல் வைக்கும்போது, அது விஞ்ஞானம் இல்லை, உணர்ச்சி என்று தள்ளவில்லை. இதுதான் விஷயம். அங்கே அவருக்குக் கிடைத்தது மாதாமாதம் வருகிற காசு, பூட்டிக்கொள்ள ஒரு கதவு, எடுக்க எடுக்க முடியாத நூலகம், அதோடு சாதியைப் பற்றியே கேள்வி கேட்கலாம் என்ற அனுமதி. மேதைமை இதெல்லாம் கிடைத்த பிறகுதான் வேலை செய்தது.

இப்படிச் சொன்னதும் கொலம்பியாவைச் சொர்க்கமாக்கிவிட்டேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். அந்த மேட்டிலிருந்து இறங்கினால் ஹார்லெம். அந்த வருடங்களில்தான் கறுப்பின மக்கள் அங்கே குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவர் கப்பலிறங்கிய 1913இலேயே அதிபர் வில்சனின் அரசாங்கம் வாஷிங்டன் அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்கத் தொடங்கியது. மகாராஷ்டிரத்து மகாருக்கு மேசையில் இடம் கொடுத்த நாடு தன் சொந்தச் சேரியை வாசலிலேயே வைத்திருந்தது. 1968இல் இதே பல்கலைக்கழகம், ஹார்லெம் மக்கள் புழங்கும் மார்னிங்சைட் பூங்காவில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் கட்டப் போனது. மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல், ஹார்லெம் சனங்களுக்குக் கீழே ஒரு வாசல். ரெட்டைக் குவளை பார்த்த நமக்கு ரெட்டை வாசல் புரியாதா? கறுப்பின மாணவர்கள் ஹாமில்டன் ஹாலைக் கைப்பற்றி உட்கார்ந்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் கைதானார்கள். கட்டடத் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஹாமில்டன் ஹாலை 2024 ஏப்ரலில் பாலஸ்தீன மக்களுக்காக மாணவர்கள் கைப்பற்றியபோதும் நிர்வாகம் போலீசைத்தான் கூப்பிட்டது. ஆக, பல்கலைக்கழகம் யாருக்கும் தாய்வீடு இல்லை. உள்ளே போய் இடம் பிடித்து, வாசலை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் கதவை அடைத்து உட்கார வேண்டிய இடம் அது.

1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தீண்டப்படாதவர்களின் நிலையும் கறுப்பர்களின் நிலையும் ஒன்றுபோல இருப்பதைச் சொல்லி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். அந்த மாதமே பதில் வந்தது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் பிறந்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்லெமும் சேரியும் பேசிக்கொள்ளும் பாதை நீண்டது.

தோழரின் கேள்விக்கு வருகிறேன். திரும்பி வந்தாரா? வந்தார். வந்தவருக்கு என்ன நடந்தது? ஒப்பந்தப்படி 1917 செப்டம்பரில் பரோடா வேலையில் சேர்ந்தார். அலுவலகப் பியூன்கள் கோப்பைக் கையில் கொடுக்காமல் தூர நின்று எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்க இடம் இல்லை. பார்சி சத்திரத்தில் வேறு பெயரில் இருந்தவரைத் தடியோடு வந்த ஒரு கூட்டம் வெளியேற்றியது. இந்து நண்பர் ஒருவர், கிறிஸ்தவ நண்பர் ஒருவர் என்று கேட்டுப் பார்த்தார். இரண்டு வீட்டிலும் நாசூக்கான மறுப்பு. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறி பம்பாய்க்குத் திரும்பினார். கொலம்பியா எம்.ஏ., லண்டனில் ஆய்வு, டூயியின் மாணவர். எல்லாம் ஒரு சத்திரத்து வாசலில் செல்லாக்காசு. படித்துவிட்டால் சாதி போய்விடும் என்று நம்மிடம் சொல்கிற நல்ல மனசுக்காரர்களுக்கு இந்த ஒரு நாளைப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் படித்தது வீணாகவில்லை. 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' எழுதும்போது டூயியைத் தன் ஆசிரியர் என்று சொல்லித்தான் வாதம் வைக்கிறார். 1925இல் அச்சான மாகாண நிதி நூலுக்கு முன்னுரை செலிக்மன். அந்த நூலுக்குத்தான் 1927இல் கொலம்பியா டாக்டர் பட்டம் முறைப்படி வந்தது. போனதற்கும் பட்டம் கைக்கு வந்ததற்கும் பதினான்கு வருடம். 'இன்னும் பி.எச்.டி. முடிக்கலையா' என்று பிள்ளைகளைத் துளைக்கிற சொந்தக்காரர்கள் கவனிக்க. 1952 ஜூனில் கௌரவ டாக்டர் பட்டம் வாங்க அமெரிக்கா போனார். அதற்கு நான்கு நாளைக்கு முன்பு டூயி இறந்துபோனார். அந்த ஆசிரியரைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

தோழருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர் தன் பரோடா காசை மறக்கவில்லை. வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தபோது வாதாடி, 1944இல் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகையைத் தொடங்க வைத்தார். இந்த இதழைப் படிக்கிற பட்டதாரிகளில் பாதிப்பேர் அந்தக் காசில் படித்தவர்கள். நானும்தான். தோழரும்தான்.

இப்போது அந்தப் பின்வரிசை மாணவிக்கு வருவோம். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். தோல் ஷாப்புகள் நிறைந்த வடாற்காட்டு ஊர்க்காரி. அப்பா தோல் பதனிடுகிற தொழிலாளி, உள்ளங்கைத் தோல் வெந்து போனவர். சமூகவியலில் எம்.ஏ. முடித்து, வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வாங்கிவிட்டாள். தலைப்பு: தோல் தொழிலும் சாதியும். மத்திய அரசிடம் இதற்கென்றே தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, 1950களிலிருந்து. போடலாமே என்கிறீர்களா? 2022இல் அதன் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அதையெல்லாம் இங்கேயே படிக்கலாமாம், வெளிநாடு எதற்காம்.

நிதானமாக யோசியுங்கள். 1916 மே 9 கட்டுரை இந்த விதிப்படி செல்லாது. பரோடா மன்னர் சொல்லாத நிபந்தனையைச் சுதந்திர இந்தியாவின் சமூகநீதி அமைச்சகம் சொல்கிறது. எஞ்சினியரிங் படிக்கப் போ, மருந்து கண்டுபிடிக்கப் போ, போகும்போது வாயை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது. சாதியைப் பற்றி அங்கே போய்ப் பேசிவிடுவார்கள் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்துக்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதியும் உலகப் பிரச்சினையாகும் என்ற கேட்கரின் எச்சரிக்கையை அன்றைக்கே அந்தக் கட்டுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார் அம்பேத்கர். அது நடந்துவிட்டது. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகம், 2022இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய வேண்டி வந்ததே, எதனால்? நம்மாள் போன இடத்துக்கெல்லாம் அவாளும் போயிருக்கிறார்கள், பெட்டியில் சாதியையும் மடித்து வைத்துக்கொண்டு.

தலைப்பை மாற்றிக்கொண்டவர்களுக்காவது கிடைக்கிறதா? 2025 ஜூலையில் நூற்றாறு பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் நாற்பது பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். வகுப்பு செப்டம்பரில். நிதி இருந்தால்.

மாநில அரசின் அயலகப் படிப்பு உதவிக்கும் போட்டிருக்கிறாள், முடிவு வரவில்லை. மிச்சமிருப்பது கல்விக்கடன். அந்த விண்ணப்பம்தான் நான் வேலை பார்க்கிற கிளைக்கு வந்தது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு வேண்டும். அவர்களிடம் இருப்பது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு, பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. மேலதிகாரி கெட்டவர் இல்லை. விதியைத் திருப்பிக் காட்டுகிறார். அதே வாரத்தில் நான்கு கிரவுண்டு மனையை ஈடு வைத்த வேறொரு பையனுக்கு மூன்றே நாளில் கடன் பாஸாயிற்று. அவன் மதிப்பெண் இவளைவிடக் குறைவு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு கோப்பிலும் முத்திரை குத்தியவன் நான்.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் டெல்லியில் எம்.ஏ. படிக்க இடம் வந்தது. அதே மாதம் குமாஸ்தா தேர்வு முடிவும் வந்தது. அப்பாவுக்கு வட்டிக்கடன், தங்கச்சிக்குக் கல்யாணம். வேலையில் சேர்ந்தேன். 'கோட்டாவில் வந்தவர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கவிதை எழுதி, மாதச் சம்பளத்தில் இந்த இதழுக்குத் தாள் வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஆக, திரும்பி வராதவனைப் பற்றிப் பேசுகிற தோழர் போகவே போகாத என்னைப் போன்றவனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேரியிலேயே இருந்தவனெல்லாம் சேரிக்கு உழைத்தவன் ஆகிவிடமாட்டான்.

போனவர்களில் சிலர் திரும்பவில்லை, உண்மை. சிலர் பெயரை மாற்றிக்கொண்டு மறைந்து வாழ்கிறார்கள், உண்மை. சிலரைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள், அதுவும் உண்மை. 2008இல் சேலத்துப் பன்றி மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்யப் போய்ப் பிணமாக வந்தான். 2016 ஜனவரி 17இல் அதே வளாகத்தில் ரோஹித் வெமுலா. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல், விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டு, அம்பேத்கர் படத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளியில் படுத்துக் கிடந்த பிறகு. 2017 மார்ச்சில் டெல்லியில் இன்னொரு சேலத்துப் பிள்ளை. இவர்களைப் பார்த்து 'ஏன் திரும்பி வரவில்லை' என்று எந்த வாயால் கேட்பது? மாதக் காசு, அறை, மரியாதை, கேள்வி கேட்கிற உரிமை. லிவிங்ஸ்டன் ஹாலில் இருந்ததெல்லாம் இங்கே ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டது. பிடுங்கினவனைக் கேட்க வேண்டிய கேள்வியை நாம் போன பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தோழரிடம் இதையெல்லாம் போன வாரம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு ஊருக்குப் பட்டா விஷயமா தாசில்தாரைப் பார்க்கணும்னா நான் வரேன். அவன் என்னைப் பார்த்தா கொஞ்சம் பயப்படுவான்" என்றார். விதியில் அந்த வரியை நீக்கக் கோரி மாணவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், தாள் இந்த இதழோடு இணைத்திருக்கிறது. அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு மாலை, வழக்கமான இடம். 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை முழுதாக வாசிக்கிறோம். வாசிப்பவள் அந்தப் பின்வரிசைக்காரிதான். அவள் கோப்பு மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பணம் கட்டக் கெடு இன்னும் முப்பத்தொரு நாள்.